முற்பணம் வெள்ளவத்தையில், சாமான் டோவரில்: யார் மீது வழக்கு?

வாசகர் கேள்வி (சுருக்கம்): நான் வெள்ளவத்தையில் வசிக்கும் ஓய்வுபெற்ற அரச ஊழியர். என் மகள் குடும்பம் ஜேர்மனியின் டோர்ட்முண்ட் நகரில் 17 வருடம் இருந்துவிட்டு லண்டனுக்குக் குடிபெயர்ந்தது. வீட்டுச் சாமான் முழுவதையும் லொறியில் ஏற்றிச் செல்ல, ஜேர்மனியில் பதிவுசெய்து இத்தொழில் நடத்தும் எங்கள் ஊர்க்காரர் ஒருவரிடம் ஒப்படைத்தோம். முற்பணமாக ஏழு லட்சம் ரூபாயை, காலி வீதியில் கடை வைத்திருக்கும் அவருடைய தம்பியிடம் நான் இங்கே கொடுத்தேன். அண்ணன் அங்கே யூரோவில் கழித்துக்கொள்வார் என்று பேச்சு. பிரித்தானியச் சுங்கத்துக்கான இலக்கம் எடுக்கப்படவில்லை என்று லொறி டோவரில் நிறுத்தப்பட்டு, சாமான் 19 நாள் களஞ்சியத்தில் கிடந்தது. பிறகு 1,150 பவுண் கூடுதலாகத் தந்தால்தான் இறக்குவேன் என்றார். மருமகன் கொடுத்துவிட்டுக் கையெழுத்தும் போட்டார். சோபா கிழிந்திருந்தது, வோஷிங் மெஷின் வேலை செய்யவில்லை, ஒரு பெட்டி காணவில்லை. அதில்தான் மகளின் நகையும் எங்கள் இரண்டு காணி உறுதிகளும் இருந்தன. ஒன்பது மாதமாகத் தம்பியின் கடை வாசலில் நிற்கிறேன். பொலிஸில் போட்டு, கொழும்பில் வழக்கும் வைக்க விரும்புகிறேன். எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டுப் போன குடும்பம் இப்படிச் செய்யலாமா?

பதில்:

கல்யாணத்தில் சாப்பிட்டதை எந்த நீதிமன்றமும் கேட்காது. ஊர்க்காரர் என்பதும், தம்பி கடையில் உங்களை நிற்கவைத்துப் பேசியதும் வழக்குக்கு உதவாது. உங்கள் கடிதத்தில் சட்டத்துக்குத் தேவையான விடயம் ஒன்றுதான்: ஒப்பந்தம் யாருக்கும் யாருக்கும் இடையில்?

நீங்கள் பணம் கொடுத்தவர் மட்டும்தான். சாமான் மகளுடையது. விலை பேசியது, பட்டியல் கொடுத்தது, ஏற்றிவிட்டது எல்லாம் மகள். மறுபக்கத்தில் நிற்பவர் ஜேர்மனியில் இருக்கும் அண்ணன். தம்பி அண்ணனுக்காகப் பணம் வாங்கியவர். இலங்கையில் முதல்வர் (வேலையை ஒப்படைப்பவர்), முகவர் (அவருக்காகச் செயற்படுபவர்) பற்றிய விடயங்களுக்கு 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் குடியியல் சட்டக் கட்டளைச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி ஆங்கிலச் சட்டமே பொருந்தும். அந்தச் சட்டத்தில், இன்னாருக்காக வாங்குகிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லி வாங்கிய முகவர் பொதுவாகத் தன் கைக்காசிலிருந்து பொறுப்பேற்கத் தேவையில்லை.

தம்பியைப் பிடிக்க ஒரே வழி நீங்கள் அனுப்பிய பற்றுச்சீட்டு. அதன் தலையில் தம்பியின் கடைப் பெயர் அச்சாகியிருக்கிறது. “வீட்டுச் சாமான் ஏற்றுவதற்கான முற்பணம்” என்று பேனாவால் எழுதி, கீழே தம்பி ஒப்பமிட்டிருக்கிறார். ‘அண்ணனுக்காக’ என்று எங்கும் இல்லை. இது உங்களுக்குச் சாதகம். ஆனால் “அண்ணனுக்காக வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லித்தான் வாங்கினான்” என்று உங்கள் கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். குறுக்கு விசாரணையில் அந்த ஒரு வசனம் போதும், பற்றுச்சீட்டின் பலம் பாதியாகக் குறைந்துவிடும். மகளிடம் அண்ணனின் விலைமதிப்புக் கடிதமும் இருக்கிறது. ஒப்பந்தக்காரர் யார் என்று உங்களுக்குத் தெரியாமல் இருந்தது என்று வாதிட முடியாது.

இனி நான் உண்மையில் பயப்படும் விடயத்துக்கு வருகிறேன். இப்படிப்பட்ட பிணக்குகளில் கட்சிக்காரர்கள் திரும்பத் திரும்ப விழும் குழி, காலம். இலங்கையில் எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 வருடம், வாய்ப்பேச்சு ஒப்பந்தத்துக்கு 3 வருடம் என்று கேள்விப்பட்டு நிதானமாக இருந்துவிடுகிறார்கள். உங்கள் மகளின் உரிமை அந்தக் கணக்கில் ஓடவில்லை. ஜேர்மன் நிறுவனம், ஜேர்மனியில் ஏற்றிய சாமான். ஒப்பந்தத்தில் வேறு சட்டம் குறிப்பிடாதவரை ஜேர்மன் வர்த்தகச் சட்டக்கோவைதான் பொருந்தும். அதன் 439ஆம் பிரிவில் காலவரையறை ஒரே ஒரு வருடம், சாமானை லண்டனில் ஒப்படைத்த நாள் முடிவிலிருந்து. வேண்டுமென்றோ, விளைவு தெரிந்தே அசட்டையாகவோ செய்தார் என்று நிரூபித்தால் மட்டும் 3 வருடம். உங்களுக்கு ஒன்பது மாதம் போய்விட்டது. மீதி மூன்று மாதத்தைக் காலி வீதியில் நின்று கழித்தீர்களானால் மகளிடம் ஒன்றும் மிஞ்சாது.

அந்தக் கடிகாரத்தை நிறுத்த வழி இருக்கிறது, செலவும் இல்லை. நட்டஈடு கேட்டு மகள் எழுத்தில் ஒரு கோரிக்கை அனுப்பினால், அண்ணன் எழுத்தில் மறுக்கும்வரை காலம் ஓடாது. மின்னஞ்சல் போதும். மகள் அன்றிரவே வாட்ஸ்அப்பில் படங்களோடு “சோபா கிழிஞ்சிருக்கு, மெஷினில அடிபட்ட தழும்பு, பாருங்கோ அண்ணா என்ன செய்து வைச்சிருக்கிறியள்” என்று அனுப்பியதையும் பார்த்தேன். அது சேதத்தை அறிவித்ததற்குச் சாட்சி. அதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. எவ்வளவு கேட்கிறாள், எதற்காகக் கேட்கிறாள் என்று இல்லாததால் அது கோரிக்கை ஆகாது. பிறகு பேசிய தொலைபேசி அழைப்புகளுக்கும் குரல் பதிவுகளுக்கும் இந்த இடத்தில் பெறுமதி கிடையாது. ஒப்பந்தத் திகதி, ஒப்படைத்த திகதி, பொருள்வாரியாகச் சேதம், ஒவ்வொன்றுக்கும் தொகை, “இத்தொகையை நட்டஈடாகக் கோருகிறேன்” என்ற வசனம், மகளின் பெயர்: இவ்வளவும் இருக்கும் மின்னஞ்சலை இந்தக் கிழமையே மகள் அனுப்பவேண்டும். நீங்கள் அனுப்பக்கூடாது.

அன்றிரவுச் செய்தி வேறு வகையில் உங்களைக் காப்பாற்றுகிறது. அதே சட்டக்கோவையில் வீட்டு மாற்றத்துக்கான 451எஃப் பிரிவின்படி, கண்ணுக்குத் தெரியும் சேதத்தை ஒப்படைத்த மறுநாளுக்குள்ளும், வெளியே தெரியாததை 14 நாளுக்குள்ளும் அறிவிக்காவிட்டால் உரிமை அற்றுப்போகும். சோபாவும் மெஷினும் தப்பின. காணாமற்போன பெட்டிதான் சிக்கல். 64 பெட்டி குறைவின்றிக் கிடைத்தது என்று அச்சான தாளில் மருமகன் எண்ணிப் பார்க்காமல் ஒப்பமிட்டிருக்கிறார். மூன்றாம் நாள் தெரியவந்து தொலைபேசியில் சொன்னார்கள், எழுத்தில் இல்லை. எண்ணினாலே தெரிந்திருக்கும் குறைபாடு என்று எதிர்த்தரப்பு சொல்லும். இங்கே ஒரு கதவு திறந்திருக்கிறது: வாடிக்கையாளர் சாதாரண நுகர்வோர் என்றால், இந்தக் காலக்கெடுவையும் அறிவிக்கும் முறையையும் பற்றி ஒப்படைக்கும்போதாவது ஏற்றிச்செல்பவர் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் காலக்கெடுவைக் காட்டித் தப்ப முடியாது. பொறுப்பின் உச்சவரம்புக்கும் விலக்குகளுக்கும் இதே விதிதான், அவற்றை ஒப்பந்தம் செய்யும்போதே எடுப்பாகத் தெரியும் எழுத்தில் அறிவித்திருக்க வேண்டும். நீங்கள் எனக்கு அனுப்பியது தாளின் முன்பக்கம் மட்டும். பின்பக்கம் வேண்டும். விலைமதிப்புக் கடிதத்தின் எல்லாப் பக்கங்களும் வேண்டும். வழக்கின் பாதி அந்தப் பின்பக்கத்தில் இருக்கிறது.

இணையத்தில் பார்த்துவிட்டு மருமகன் சொன்ன, கிலோவுக்கு 8.33 சிறப்பு எடுப்புரிமை (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) என்ற கணக்கை மறந்துவிடுங்கள். அது 1956ஆம் ஆண்டின் சர்வதேச வீதிச் சரக்கு உடன்படிக்கையில் உள்ளது. அந்த உடன்படிக்கை வீட்டுச் சாமான் இடமாற்றத்தை முதல் உறுப்புரையிலேயே விலக்கிவிட்டது. உங்களுக்குப் பொருந்தும் வரம்பு, தேவைப்பட்ட ஏற்றும் இடத்தின் ஒரு கன மீற்றருக்கு 620 யூரோ. மகளின் சாமான் 25 கன மீற்றர் என்று எழுதியிருக்கிறது. ஆக உச்சம் 15,500 யூரோ. இதைக் கேட்டுச் சந்தோஷப்படவேண்டாம், இது வரம்பு மட்டுமே. சாமானை ஜேர்மனியில் ஏற்றிய நாளில் அதற்கிருந்த பெறுமதிதான் கிடைக்கும். எட்டு வருடம் பாவித்த மெஷினுக்குப் புது மெஷின் விலை வராது.

நகைக்கும் உறுதிக்கும் பொறுப்பேற்கத் தேவையில்லை என்று சட்டமே சொல்கிறது. பெறுமதியான உலோகம், நகை, பணம், பத்திரங்கள், ஆவணங்கள் எல்லாம் 451டி பிரிவின் விலக்குப் பட்டியலில் இருக்கின்றன. தாங்களே கட்டிய பெட்டிக்குள் சொல்லாமல் வைத்த நகைக்கு, மேலே சொன்ன அறிவித்தலை அவர் கொடுத்திருந்தால், எடுத்தவர் இவர்தான் என்று நிரூபித்தாலன்றி எதுவும் கிடைக்காது. மனது எவ்வளவு வலிக்கும் என்று தெரியும். ஆனால் அந்தத் தொகையைக் கோரிக்கையில் முதலில் போட்டால் மற்றக் கோரிக்கைகளின் நம்பகமும் கெடும்.

1,150 பவுணைப் பற்றி. இது கப்பம், பொலிஸில் போடலாம் என்கிறீர்கள். ஒப்பந்தத்தால் வரவேண்டிய தொகைக்காகச் சாமானைப் பிடித்துவைக்கும் உரிமை ஏற்றிச்செல்பவருக்கு உண்டு. சுங்கத்தால் வந்த செலவு அப்படி வரவேண்டிய தொகையா என்பதுதான் பிணக்கு, அது சிவில் பிணக்கு. பிரித்தானியாவில் குடியேறுபவர் வரியின்றிச் சாமான் கொண்டுவர, 12 மாதமாவது வெளியே வாழ்ந்திருக்க வேண்டும், பொருள் 6 மாதமாவது கையில் இருந்திருக்க வேண்டும். இவற்றைக் காட்டி முன்கூட்டியே விண்ணப்பித்து இலக்கம் பெறவேண்டும். விண்ணப்பிக்கவேண்டியவர் உங்கள் மகள். ஆனால் வாடிக்கையாளர் நுகர்வோராக இருந்தால் சுங்க விதிகளை அவருக்கு எடுத்துச்சொல்லும் கடமை ஏற்றிச்செல்பவருக்கு உண்டு. ஏற்றும் நாளுக்கு முன்பு இதைப்பற்றி அவர் ஒரு வரியாவது எழுதினாரா? எழுதியிருந்தால் பணம் போனது போனதுதான். எழுதவில்லை என்றால் அதையும் கோரிக்கையில் சேருங்கள். கொடுக்கும்போது “ஆட்சேபனையுடன் செலுத்துகிறேன்” என்று மருமகன் அந்தத் தாளில் ஒரு வரி எழுதியிருந்தால் இன்று நிலை நன்றாக இருந்திருக்கும்.

இப்போது நீங்கள் கேட்க விரும்பாததைச் சொல்கிறேன். கொழும்பில் வழக்கு வைக்கவேண்டாம். தம்பி இங்கே வசிப்பதால் மாவட்ட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்பது சரி. ஆனால் அங்கே நீங்கள் சொல்லப்போகும் முதல் விடயமே, இங்கே ரூபாய் கொடுத்து அங்கே யூரோவில் கழித்தது. தம்பியின் சட்டத்தரணி இதற்கு உண்டியல் (வங்கிக்கு வெளியே பணம் மாற்றுவது) என்று பெயர் வைப்பார். 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தை எடுத்து மேசையில் வைப்பார். வாங்கியவருக்கும் அதில் சிக்கல் உண்டு, ஆனாலும் கொடுத்தவர் நீங்கள், சாட்சிக் கூண்டில் ஏறப்போவதும் நீங்கள். இதை மறைக்கச் சொல்லவில்லை, சத்தியக் கடதாசியில் பொய் எழுதவும் முடியாது. ஆகவேதான் அந்த வாசலுக்கே போகாமல் முடிக்கச் சொல்கிறேன்.

தம்பிக்கும் இதே பயம் இருக்கும், அதனால் சமரசத்துக்கு வருவார். மத்தியஸ்த சபையில் பேசலாம், சட்டத்தரணி மூலமும் பேசலாம். முற்பணத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாக வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் சமரசத்திலும் ஆட்கள் விழுவதுண்டு. “முழுமையான, இறுதியான தீர்வு” என்று எழுதிய தாளில் நீங்கள் மட்டும் ஒப்பமிட்டால், அண்ணன் ஜேர்மனியில் அதையே காட்டி மகளின் கோரிக்கையும் முடிந்துவிட்டது என்பார். மகளின் சோபாவையும் சேர்த்துத் தீர்ப்பதானால் மகளே ஒப்பமிடவேண்டும், அல்லது லண்டனில் இலங்கை உயர்ஸ்தானிகராலயத்தில் உறுதிப்படுத்திய அற்றோர்னித் தத்துவம் உங்களிடம் இருக்கவேண்டும். முற்பணம் மட்டும்தான் பேச்சு என்றால், மகளின் உரிமைகள் இதில் அடங்காது என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். பிற்திகதியிட்ட காசோலைகளை வாங்கிக்கொண்டு விடுவிப்புக் கடிதம் கொடுக்காதீர்கள். காசு கணக்கில் விழுந்த பிறகுதான் கடிதம்.

பொலிஸுக்குப் போக ஒரு காரணம் இருக்கிறது. ஒன்பது மாதமாக அதை நீங்கள் செய்யவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. உறுதிகள் இரண்டும் யார் கையில் இருக்கின்றன என்று தெரியாது. மூல உறுதி வெளியே: கள்ள உறுதி முடிப்பவர்களுக்கு இதைவிட வசதி வேண்டாம். நாளைக்கே பொலிஸில் உறுதி தொலைந்ததாக முறைப்பாடு பதிந்து பிரதி எடுங்கள், தம்பியின் பெயரை அதற்குள் இழுக்காதீர்கள். உறுதி இலக்கம், திகதி, முடித்த நொத்தாரிசின் பெயர் ஆகியவற்றோடு அந்தந்தக் காணிப் பதிவகத்துக்குப் போய் அத்தாட்சிப்படுத்திய பிரதி கேளுங்கள். நொத்தாரிசு இணைப்பிரதியை அங்கே ஒப்படைத்திருப்பார். அதே நாளில் பதிவேட்டுப் பக்கத்தையும் பார்த்து, கடந்த ஒன்பது மாதத்தில் புதிதாக ஏதும் பதியப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். பிறகு ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் 32ஆம் பிரிவின்கீழ் இரண்டு காணிக்கும் கேவியற் போடுங்கள். யாராவது புது உறுதி பதிய வந்தால் உங்களுக்கு அறிவித்தல் வரும். அது கட்டணம் செலுத்திய காலத்துக்குத்தான் செல்லும், முடியும் திகதியைக் குறித்துவைத்துப் புதுப்பிக்கவேண்டும்.

மகளின் மின்னஞ்சல் போனதும் அதன் பிரதி, ஒப்பமிட்ட தாளின் பின்பக்கம், விலைமதிப்புக் கடிதம் மூன்றையும் டோர்ட்முண்டில் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் பார்க்கும் ஒரு சட்டத்தரணியிடம் மகள் காட்டவேண்டும். அவரிடம் முதலில் கேட்கவேண்டியது எவ்வளவு கிடைக்கும் என்பதல்ல, எந்தத் திகதியோடு காலம் முடிகிறது என்பது.