மறுமொழி: முல்லைத்தீவின் 110 டொக்டர்மார் எங்கே?

தம்பி, உங்கள் பெருக்கல் சரிதான். இலங்கையில் 1000 பேருக்கு ஏறத்தாழ 1.2 டொக்டர், 2012 கணக்கெடுப்பில் முல்லைத்தீவு மாவட்டச் சனத்தொகை கிட்டத்தட்ட 92 ஆயிரம், பெருக்கினால் 110. ஆனால் ஊர் ஆஸ்பத்திரியில் ஒருவர்தான் இருக்கிறார், ஒப்படையில் எதை எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள்.

110ஐ எழுதாதீர்கள். அது நாட்டுச் சராசரியிலிருந்து வந்தது. கொழும்பு, கண்டிப் பெரியாஸ்பத்திரிகளில் குவிந்திருப்பவர்களும் அந்தச் சராசரிக்குள் அடக்கம். இன்னொன்று, டொக்டர்மாரின் பதிவுப் புத்தகத்தில் பெயர் இருப்பவர் எல்லாம் நோயாளி பார்ப்பவர் இல்லை. ஓய்வு பெற்றவர், 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வெளிநாடு போனவர் பெயரும் அதில் கிடக்கலாம். பின்னேரம் தனியார் கிளினிக்கில் இருப்பவரும் பெரும்பாலும் காலையில் அரசாங்க ஆஸ்பத்திரியில் பார்த்த அதே டொக்டர்தான். இரண்டு தரம் எண்ணிவிடாதீர்கள்!

பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையில் இரண்டு எண்களைக் கேளுங்கள்: அனுமதிக்கப்பட்ட ஆளணி, இப்போது உண்மையில் வேலை செய்பவர்கள். இடைவெளி அங்கேதான் தெரியும்.

அப்புறம், தூரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் அம்மா கிளினிக் கொப்பியைச் சொப்பின் பையில் சுற்றிக்கொண்டு முதல் பஸ்ஸுக்கே போவார். டொக்டர் பார்ப்பது மூன்று நிமிடம், திரும்ப மத்தியானம் ஆகிவிடும். விகிதத்தில் அந்த அரை நாள் வராது.

உலக சுகாதார நிறுவனத்தின் 1000 பேருக்கு 4.45 என்ற எண்ணோடு ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் கவனம். அதில் தாதியரும் மருத்துவிச்சிகளும் சேர்த்தி.