அசல் வண்டி – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்குச் சொந்த ஊர் குடியாத்தம். ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஆலையில் வேலை செய்கிறேன். சென்ற ஆண்டு கடன் போட்டு ஒரு ஜாவா வாங்கினேன், புதிய ஜாவா. என் பெரியப்பா யெஸ்டி வைத்திருந்தார். அந்த ஆசைதான் காரணம்.

போன மாதம் வேலூர் புல்லட்காரர்கள் சிலருடன் ஏலகிரிக்குப் போனேன். கிரீன் சர்க்கிளில் கூடியபோதே ஒருவர், "இது ஜாவாவே இல்லை தம்பி, பெயரை விலைக்கு வாங்கி ஒட்டியது" என்றார். பள்ளிகொண்டா தாண்டியதும் என் செயின் கழன்றுவிட்டது. எல்லோரும் ஓரங்கட்டிக் காத்திருந்தார்கள், ஆனால் அவ்வளவு நேரமும் கிண்டல்தான். எதிரே வந்த இன்னொரு புல்லட் கூட்டத்துக்கு அனைவரும் கை காட்டினார்கள். நானும் காட்டினேன். "அது உனக்கு இல்லை" என்று சிரித்தார்கள். விடியும் முன்பே மலை மேல் ஏறி அத்தனாவூரைச் சுற்றிவிட்டு இறங்கினோம். இறங்கும்போது ஒரு வளைவில், ஏறி வந்த பஸ் எங்களுக்காகப் பின்னால் போய் நின்றது. அந்த ஐந்து நிமிடம்தான் நானும் அவர்களில் ஒருவன் என்று தோன்றியது.

சைலென்சரை மாற்றினால் கொஞ்சம் மதிப்பார்கள் என்கிறான் நண்பன். என் வண்டி உண்மையிலேயே போலியா? விற்றுவிட்டு புல்லட் வாங்கிவிடலாமா? பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

உங்களைக் கிண்டல் செய்தவர் சொன்னதில் பொய் இல்லை. மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1960-களின் தொடக்கத்தில், செக்கோஸ்லோவாக்கிய நிறுவனத்தின் உரிமம் பெற்று ஓடத் தொடங்கியது. 1973-ல் வண்டியின் பெயர் யெஸ்டி ஆனது. 1996-ல் கதவைச் சாத்தினார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 2018-ல், மஹிந்திராவின் துணையோடு கிளாசிக் லெஜண்ட்ஸ் என்ற நிறுவனம் ஜாவா பெயரைக் கொண்டுவந்தது. உங்கள் வண்டி மத்தியப் பிரதேசத்துப் பீதம்பூரில் பிறந்தது.

பெரியப்பாவுடையது டூ ஸ்ட்ரோக். ஆயில் கலந்த பெட்ரோல் குடித்து, நீலப்புகை விட்டுக்கொண்டு போகும். உங்களுடையது ஃபோர் ஸ்ட்ரோக், முன்னால் ரேடியேட்டர் வைத்தது. அவர் வண்டியில் கிக்கரும் கியர் லீவரும் ஒரே தண்டுதான். உள்ளே அழுத்தித் திருப்பி நிமிர்த்தினால் கிக்கர். உதைத்துவிட்டு முன்னால் மடக்கினால் அதுவே கியர். பழக்கமில்லாதவன் அந்த வண்டியைத் திருடிக்கொண்டு போவதுகூடக் கஷ்டம். உங்களுடையதில் பட்டனைத் தொட்டால் போதும். அதில் கழற்றிய போல்ட்டை இதில் மாட்ட முடியுமா என்பதே சந்தேகம்.

இதே அளவுகோலை, கிண்டல் செய்தவருடைய புல்லட்டுக்கும் வைத்துப் பார்ப்போம். புல்லட்டைச் செய்யும் என்ஃபீல்ட் இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரின் சரக்கு. முதல் மோட்டார் சைக்கிள் 1901-ல் வந்தது. இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்காக புல்லட்டுகளை வாங்கியதை ஒட்டி, 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியா உருவானது, திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. 1970 வாக்கில் இங்கிலாந்துத் தாய் வீடு மூடப்பட்டுவிட்டது. இங்கே மட்டும் வண்டி வந்துகொண்டே இருந்தது. நம் ஊர்க் கம்பெனி தன் வண்டிக்கு "ராயல்" என்ற பட்டத்தைச் சூட்டிக்கொண்டதே 1990-களில்தான். அதற்குள் நிர்வாகம் ஐஷர் என்ற நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தது. ஆக, புல்லட்டும் பெயர் கைமாறிய வண்டிதான். ஒரு வித்தியாசம் உண்டு, அதை நான் மதிக்கிறேன்: திருவொற்றியூரில் வேலை நிற்கவில்லை. மைசூரில் நின்றுவிட்டது. புல்லட்காரர் பெருமைப்பட வேண்டுமென்றால், ரெட்டிச்சை விட்டுவிட்டு, அத்தனை வருடம் அங்கே ஷிஃப்ட்டுக்குப் போய்வந்த வடசென்னைத் தொழிலாளிகளை நினைத்துப் பெருமைப்படலாம்.

அந்தத் தொடர்ச்சியும் முழுசாக இல்லை. காட்பாடியில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். 2009-க்குப் பிறகு வந்த புல்லட்டுகளை அவர் "மொபெட்" என்றுதான் சொல்வார். அந்த ஆண்டுவாக்கில்தான் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் வந்தன, பழைய இரும்பு சிலிண்டர் போய்ச்சேர்ந்தது. கியர் அதற்கு முன்பே வலது காலில் இருந்து இடது காலுக்குப் போக ஆரம்பித்திருந்தது. அவர் பட்டறையில் பழைய இரும்பு புல்லட்டை ஸ்டார்ட் செய்வதைப் பார்க்க வேண்டும். சாவியைத் திருப்பிவிட்டு, கிக்கரை மெல்ல மிதித்துக்கொண்டே ஹெட்லைட் மேல் இருக்கும் ஆம்பியர் மீட்டரைப் பார்ப்பார். முள் நடுவுக்கு வந்து நிற்கும் இடத்தில் காலை நிறுத்துவார். கைப்பிடிக்கருகே உள்ள சின்ன லீவரை இழுத்து, சிலிண்டரின் அழுத்தத்தை விடுவித்து, பிஸ்டனை ஒரு இழை தாண்ட விடுவார். பிறகு லீவரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, உடம்பு முழுவதையும் இறக்கி ஒரே உதை. உதைத்த அடுத்த நொடி "டக்... டக்... டக்" என்று நிதானமாகப் பேச ஆரம்பிக்கும். அவசரக்காரன் முள்ளைப் பார்க்காமல் உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் வீங்கி ஒரு வாரம் நொண்ட வேண்டும்.

உங்களோடு வந்தவர்களில் எத்தனை பேருக்கு இந்த வித்தை தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். அவர்களும் உங்களைப் போலப் பட்டனைத் தொட்டுத்தான் கிளம்பியிருப்பார்கள். காட்பாடிக்காரர் கணக்கில் நீங்கள் எல்லோருமே மொபெட் ஓட்டுகிறவர்கள். தாங்கள் வாங்கிய ஆண்டோடு அசல் தீர்ந்துபோய்விட்டது என்று எல்லாத் தலைமுறைக்கும் ஒரு நம்பிக்கை.

வெளிநாட்டுப் பெயர்களின் கதை இதைவிட வேடிக்கை. பழைய ட்ரையம்ஃப் தொழிற்சாலை 1983-ல் திவாலானபோது பெயரை வாங்கியவர் வீடு கட்டி விற்கும் ஒரு தொழிலதிபர். இன்று அந்தப் பெயரில் வரும் 400 சிசி வண்டிகளைச் செய்வது பஜாஜ். நார்ட்டன் 2020-ல் டிவிஎஸ் கைக்கு வந்தது. ஆங்கிலேயர்கள் உருகி உருகிப் பேசும் அந்தப் பெயரின் முதலாளிக்கு ஓசூரில்தான் தொழிற்சாலை. வாணியம்பாடியில் இருந்து காலையில் கிளம்பினால் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம்.

இதையெல்லாம் அடுத்த முறை கிண்டல் செய்தவரிடம் எடுத்துவிடுங்கள். அவரும் ஏதாவது எடுத்துவிடுவார். பேசட்டும். ஆர்எக்ஸ் 100 வைத்திருந்தவனும் சுசுகி வைத்திருந்தவனும் டீக்கடை வாசலில் அடித்துக்கொண்ட ஊர் இது. அதில் ஒரு ருசி உண்டு, யாருக்கும் நஷ்டம் இல்லை. உங்கள் செயின் கழன்றபோது கிண்டல் செய்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். காத்திருந்தார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நெடுஞ்சாலையில் பத்து பேர் ஒருவனுக்காக நிற்பது சின்ன விஷயம் இல்லை. வாய் எப்படியோ, அந்தக் கால்கள் நல்ல கால்கள்.

கை காட்டிய விஷயத்தை மட்டும் என்னால் அப்படி விட முடியவில்லை. சாலையில் எதிரெதிரே போகும் இருசக்கரக்காரர்கள் கை காட்டிக்கொள்வது நம் வழக்கம் இல்லை, மேற்கில் இருந்து வந்தது. அங்கே அதற்கு ஓர் அர்த்தம் இருக்கிறது: என்னைச் சுற்றிலும் இரும்புக் கூடு இல்லை, உன்னைச் சுற்றியும் இல்லை, விழுந்தால் இரண்டு பேருக்கும் ஒரே தார் ரோடுதான். அதில் டேங்க்கில் எழுதியிருக்கும் பெயருக்கு வேலையே இல்லை. அங்கும் தன் கம்பெனி வண்டிக்கு மட்டும் கை காட்டுகிறவர்கள் உண்டு, அவர்களைப் பற்றிய புலம்பலும் உண்டு. நம் ஊருக்கு வந்ததும் அது நம் ஊர் நோயைப் பிடித்துக்கொண்டது. "எந்த ஊர்" என்று தொடங்கி, "ஊரில் எந்தப் பக்கம்" என்று நகர்ந்து, "யார் வீட்டுப் பிள்ளை" என்று முடியும் விசாரணை எதற்காக நடக்கிறது என்று குடியாத்தத்துக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "அது உனக்கு இல்லை" என்ற சிரிப்பு அந்த விசாரணையின் தம்பி. நீங்கள் கை காட்டியது சரி. இனியும் காட்டுங்கள், டிவிஎஸ் எக்ஸெல் மொபெட்டில் வருகிறவருக்கும் சேர்த்து.

எக்ஸெல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். குடியாத்தம் சாலையில் லுங்கி மூட்டைகளை முன்னாலும் பின்னாலும் அடுக்கி, முகம் மட்டும் தெரிய வருகிறாரே, அவரைத்தான் சொல்கிறேன். வட ஆர்க்காட்டில் உண்மையான நெடும்பயணி அவர்தான். சித்திரை வெயிலில், முழங்கையில் எரிச்சலோடு, பாரத்துக்கு ஏற்றபடி பிரேக்கை முன்கூட்டியே பிடித்து ஓட்டுகிறார். அவரை எந்த ரைடர் கூட்டமும் சேர்த்துக்கொள்ளாது. அவருக்கும் அதற்கு நேரம் கிடையாது.

இப்போது நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாத வரி அது. ஏறி வந்த பஸ் உங்களுக்காகப் பின்னால் போனது.

மலைச் சாலையில் இடம் போதாதபோது இறங்குகிற வண்டி ஒதுங்கி நின்று, ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். இது மரியாதை மட்டும் இல்லை, 1989-ன் சாலை விதிகளில் இருந்தது, 2017-ல் வந்த புதிய ஒழுங்குமுறையிலும் இருக்கிறது. காரணம் எளிது. ஏறுகிற வண்டி நின்றால் மறுபடி கிளம்பும் முன் பின்னால் உருளும். முழு பாரத்தோடு, கண்ணாடியில் பாதி தெரிய, பாதி தெரியாத கொண்டை ஊசி வளைவில் ஒரு டிரைவர் பஸ்ஸைப் பின்னால் இறக்குகிறார். உள்ளே மலைக்குத் திரும்பும் சனங்கள், காய்கறி மூட்டை, கைக்குழந்தை. அவர் க்ளட்ச் மேல் கால் நடுங்க நின்ற ஐந்து நிமிடத்தைத்தான் நீங்கள் அவர்களில் ஒருவன் ஆன நேரம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏலகிரியின் பதினான்கு வளைவுகளுக்கும் புலவர்கள் பெயரும் வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள், பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். முல்லைக்கொடிக்குத் தேரையே விட்டுவிட்டு நடந்து போன பாரியும் அதில் ஒருவன். அந்த மலையில் போய் ஒரு பஸ்ஸுக்கு வழிவிட மறுத்தால், வண்டி ஜாவாவாக இருந்தால் என்ன, 1955-ம் ஆண்டு புல்லட்டாகவே இருந்தால்தான் என்ன?

சைலென்சரையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மாற்றாதீர்கள். 175 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்குத் தயாரிப்பு நிலையிலேயே 80 டெசிபல் என்று வரம்பு இருக்கிறது. கம்பெனி சைலென்சரைக் கழற்றிவிட்டுக் குழாயை மாட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவும் உங்களைத் தேடி வரும். போலீஸ் பிடிப்பதும் பிடிக்காததும் அன்றைய அதிர்ஷ்டம். அத்தனாவூரில் விடியும் முன்பு தூங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த அதிர்ஷ்டமும் கிடையாது. சமவெளியில் கேட்கும் சத்தம் வேறு, மலைக் கிண்ணத்துக்குள் கேட்பது வேறு. நீங்கள் போன பிறகும் அது சுற்றிக்கொண்டே இருக்கும். பழைய புல்லட்டின் சத்தம் அந்த எஞ்சினின் மெதுவான துடிப்பில் இருந்து வந்தது. ஓட்டைக் குழாயில் இருந்து வருவது வெறும் இரைச்சல். அசலைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

இன்னொரு வேடிக்கை. உங்களோடு வந்தவர்களில் யாராவது விலை உயர்ந்த வெளிநாட்டுப் பெயர் போட்ட பூட்ஸோ ஜாக்கெட்டோ அணிந்திருந்தால், அந்தத் தோல் ராணிப்பேட்டையிலோ பேரணாம்பட்டிலோ ஆம்பூரிலோ பதப்பட்டதாக இருக்கக்கூடும். உங்கள் ஆலை வாசனை உங்களுக்கே தெரிந்திருக்கும். தோலைப் பதப்படுத்தியவர் ஊரும் தெரியாது, பெயரும் தெரியாது. தோல் கழிவு கலந்து பாலாறு அதற்குக் கொடுத்த விலை என்னவென்று 1996-ல் உச்ச நீதிமன்றமே எழுதி வைத்திருக்கிறது. இங்கே பதப்பட்டு, அங்கே பெயர் ஒட்டி, திரும்பி வந்தால் அதற்குப் பெயர் அசல்.

கடைசியாக, விற்கலாமா என்ற கேள்வி. கடன் ஓடிக்கொண்டிருக்கும் இரண்டாம் வருடத்தில் விற்றால் கை சுடும், அதுவும் கிண்டலுக்குப் பயந்து விற்றால் இரட்டை நஷ்டம். ஓட்டிப் பார்த்து உங்களுக்கே பிடிக்கவில்லை என்றால் அது வேறு பேச்சு. பெரியப்பா நினைவுக்காக வாங்கினீர்கள். இந்த வண்டி அவர் வண்டி ஆகாது, ஆக வேண்டிய தேவையும் இல்லை. உங்கள் கணக்கில் ஓடட்டும்.

அதற்கு முன் அந்தச் செயினைப் பாருங்கள். புது வண்டியின் செயின் ஓடும் வழியில் தானாகக் கழன்றது என்றால், ஒன்று தளர்ந்து தொங்கியிருக்க வேண்டும், அல்லது பின்சக்கரம் கோணலாக உட்கார்ந்திருக்க வேண்டும். சென்டர் ஸ்டாண்டு போட்டு, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நான்கைந்து இடங்களில் செயினை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். எங்கே மிக இறுக்கமாக இருக்கிறதோ அந்த இடத்தில் வைத்து, கையேட்டில் சொன்ன அளவுக்குத் தளர்வு விடுங்கள். சக்கரத்தின் இரண்டு பக்கமும் இருக்கும் கோடுகள் ஒரே அடையாளத்தில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் ஒன்று கூட, மறுபக்கம் ஒன்று குறைய என்று ஷோரூமில் முடுக்கிக் கொடுத்தது என்றால், அடுத்த முறையும் பள்ளிகொண்டாவிலேயே கழலும்.