கோழி கொத்துகிற நாடி

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் சனசமூக நிலையத்தில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (ஏ.எஃப்.) என்ற, இதயத் தாளம் தப்புகிற வருத்தம் பற்றிக் கொஞ்சம் கதைக்கச் சொன்னார்கள். நான் டொக்டர் இல்லை. முப்பது வருடம் குளிசை எண்ணிக் கொடுத்த மருந்தாளர். ஒன்பது வருடமாக இதே வருத்தம் எனக்கும் இருக்கிறது. கடதாசித் துண்டுகளில் வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். குளிசையை மாற்றுவதோ நிறுத்துவதோ உங்கள் கிளினிக்கில் கேட்ட பிறகுதான்.

கோண்டாவில், 62 வயது அக்கா: வேறு எதற்கோ ஈசிஜி எடுக்கப் போனேன், ஏ.எஃப். என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு நோவும் இல்லை, படபடப்பும் இல்லை. பிரஷரும் சீனி வருத்தமும் இருக்கிறது. ஒன்றும் செய்யாதபோது மருந்து எதற்கு?

அக்கா, முதலில் நாடியைப் பிடித்துப் பாருங்கள். சாதாரண நாடி தையல் மெஷின் மாதிரி ஓடும். ஏ.எஃப். நாடி முற்றத்தில் கோழி அரிசி கொத்துவது மாதிரி: இரண்டு கொத்து, ஒரு நிறுத்தம், மூன்று கொத்து, பிறகு ஒன்று. ஒழுங்கே இராது. இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்குகின்றன. அதனால் இடது மேலறையின் மூலையில் காது மாதிரி இருக்கும் ஒரு சின்னப் பையில் இரத்தம் தேங்கிக் கட்டியாகும். அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போனால் பாரிசவாதம். ஏ.எஃப். இருப்பவருக்கு அந்த ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு. படபடப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்டி உண்டாகலாம்.

யாருக்கு இரத்தம் உறையாமல் காக்கும் மருந்து தேவை என்பதைப் புள்ளி போட்டுத்தான் பார்ப்பார்கள். பிரஷருக்கு 1, நீரிழிவுக்கு 1, இதயம் பலவீனமாக இருந்தால் 1, இரத்தக் குழாய் அடைப்புக்கு 1, 65 வயது கடந்தால் 1, 75 கடந்தால் 2, முன்பே பாரிசவாதம் வந்திருந்தால் 2. பெண் என்பதற்கும் ஒரு புள்ளி இருந்தது. 2024 இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டி அதை எடுத்துவிட்டது. இரண்டு வந்தால் மருந்து வேண்டும் என்பதுதான் பொதுவான முடிவு. உங்களுக்கு இப்போதே இரண்டு. ஆம், தேவை.

சுன்னாகம்: வார்ஃபரின் எலிப்பாஷாணம் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். வார்ஃபரின் இரத்தம் உறையாமல் காக்கும் பழைய குளிசை. அமெரிக்காவில் பழுதான தீவனம் தின்ற மாடுகள் இரத்தம் பெருகிச் செத்தன. அதற்கான காரணத்தைத் தேடப் போய்க் கிடைத்த பொருளிலிருந்து பிறந்தது இது. 1948 இல் எலிக்கு, 1954 இல் மனிதருக்கு. எலிக்குப் போடுகிற அளவு வேறு, உங்களுக்குத் தருகிற அளவு வேறு. அந்த அளவு சரியா என்று பார்க்கத்தான் ஐஎன்ஆர் என்ற இரத்தப் பரிசோதனை எடுக்கிறார்கள். ஏ.எஃப். காரருக்கு அது 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும். குறைந்தால் கட்டி, கூடினால் இரத்தப்பெருக்கு.

மானிப்பாய்: முருங்கையிலையும் வல்லாரையும் இனிச் சாப்பிடக் கூடாதாம்.

யார் சொன்னது? கீரையில் உள்ள விட்டமின் கே வார்ஃபரினை எதிர்க்கும், அது சரி. ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை, ஒரே அளவாகச் சாப்பிடச் சொல்கிறார்கள். கிழமைக்கு மூன்று நாள் வறை என்றால் எல்லாக் கிழமையும் மூன்று நாள். மாதம் முழுக்கப் பயந்து ஒதுக்கிவிட்டு, ஒருநாள் கூழ் காய்ச்சி முருங்கையிலையை அள்ளிப் போட்டால்தான் ஐஎன்ஆர் தடுமாறும். அப்பிக்சபான், ரிவாரொக்சபான் மாதிரிப் புதிய மருந்துகளுக்கு இந்தக் கணக்கு இல்லை. நாட்டு மருந்து, கஷாயம் எது குடித்தாலும் கிளினிக்கில் மறைக்காமல் சொல்லுங்கள்.

வேலணை: மனைவிக்குச் சின்ன வயதில் வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வு சுருங்கிவிட்டது. இப்போது ஏ.எஃப். மாதா மாதம் ஐஎன்ஆர் எடுக்க பஸ் ஏற வேண்டியிருக்கிறது. கனடாவில் இருக்கும் மகன் புதிய குளிசை அனுப்புகிறேன் என்கிறார்.

அண்ணை, இங்கேதான் கவனம். அப்பிக்சபான், ரிவாரொக்சபான், டபிகட்ரான் மூன்றும் நல்ல மருந்துகள். பெரும்பாலான ஏ.எஃப். காரருக்கு வார்ஃபரினை விட வசதியானவை, மூளையில் இரத்தம் கசிவதும் குறைவு. ஆனால் வாதக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு நன்றாகச் சுருங்கியவர்களுக்கும் செயற்கை உலோக வால்வு வைத்தவர்களுக்கும் வார்ஃபரின்தான். வாதக் காய்ச்சல் இதயநோயோடு ஏ.எஃப். உள்ள சுமார் 4500 பேரை வைத்து ரிவாரொக்சபானை ஒப்பிட்ட ஆய்வு 2022 இல் வந்தது. வார்ஃபரின் வகை எடுத்தவர்களே நன்றாக இருந்தார்கள், இறந்தவர்களும் அவர்களில் குறைவு. மகனுடைய அன்பு பெரிதுதான், ஆனால் இந்தப் பார்சல் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

வால்வுக் குறை இல்லாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. அனுப்புகிற குளிசையை நம்பியிருப்பவர் அடுத்த பார்சல் ஒரு மாதம் பிந்தினால் என்ன செய்வார்? புதிய மருந்தின் பலன் ஒரு நாள், ஒன்றரை நாளிலேயே இறங்கிவிடும். இடைவெளி இல்லாமல் கிடைக்கிற மருந்துதான் உங்களுக்கு நல்ல மருந்து.

கொக்குவில்: அஸ்பிரின் போதாதா?

போதாது. 2011 இல் அப்பிக்சபானோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அஸ்பிரின் எடுத்தவர்களுக்குப் பாரிசவாதம் கூட வந்தது, பெரிய இரத்தப்பெருக்கில் இரண்டுக்கும் அவ்வளவு வித்தியாசம் இல்லை.

நல்லூர், மாமி: கந்தசஷ்டி ஆறு நாளும் இரவில் பாலும் பழமும்தான். ரிவாரொக்சபான் எடுக்கிறேன்.

மாமி, அந்த 20 மில்லிகிராம் குளிசை சாப்பாட்டோடு போனால்தான் முழுவதும் உடம்பில் சேரும். வெறும் வயிற்றில் மூன்றில் இரண்டு பங்குதான் சேரும். பாலும் பழமும் சாப்பாட்டுக் கணக்கில் வருமா என்பது ஐயம்தான். விரதத்துக்கு ஒரு மாதம் முதலே டொக்டரிடம் சொல்லுங்கள். சாப்பாட்டைப் பார்க்காத அப்பிக்சபானுக்கு மாற்றலாமா என்று அவர் யோசிப்பார். வார்ஃபரின்காரருக்கு வேறு சிக்கல்: ஆறு நாள் சாப்பாடு குறைந்தால் ஐஎன்ஆர் ஏறும். தண்ணீர் கூடக் குடிக்காத விரதம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

சாவகச்சேரி, தம்பி: அப்பாவுக்கு 58. ஓட்டத்தைச் சரிப்படுத்துவதா, வேகத்தைக் குறைத்துவிட்டு இருப்பதா? கரண்ட் வைப்பது, அப்லேஷன் என்றெல்லாம் சொல்கிறார்கள்.

பிசப்புரலோல் மாதிரிக் குளிசையால் வேகத்தைக் குறைத்து, தாளம் தப்பினாலும் வாழலாம். நான் அப்படித்தான். இரண்டாவது வழி தாளத்தையே மீட்பது. முதலில் தைரொயிட் பரிசோதித்துப் பாருங்கள், அது கூடி இருந்தால் அதுவே காரணமாகலாம். கரண்ட் வைப்பதென்றால் சில நிமிட மயக்கத்தில் ஒரு அதிர்ச்சி. ஆனால் ஏ.எஃப். வந்து 24 மணி நேரம் கடந்திருந்தால் (முன்பு 48 என்றார்கள், 2024 ஐரோப்பிய வழிகாட்டி குறைத்துவிட்டது) முன்னால் மூன்று கிழமை உறையாமல் காக்கும் மருந்து எடுக்க வேண்டும், பின்னாலும் நாலு கிழமை. அவசரப்பட்டால் மேலறையில் இருக்கும் கட்டியையே தள்ளிவிடுவோம்.

அப்லேஷன் வேறு. நுரையீரலிலிருந்து வரும் நாளங்களின் வாயில்தான் பெரும்பாலும் இந்தக் குழப்பம் கிளம்புகிறது என்று 1998 இல் பிரான்ஸின் போர்டோவில் கண்டுபிடித்தார்கள். தொடை நாளத்தால் கம்பி விட்டு அந்த வாயைச் சுற்றிச் சுட்டு, அங்கிருந்து வரும் மின் ஓட்டத்தை மறிப்பார்கள். வந்து வந்து போகிற ஏ.எஃப். ஆக இருந்தால் நன்றாகப் பலிக்கும். வருடக்கணக்காக நிலைத்ததற்கு அவ்வளவு இல்லை, சிலருக்கு இரண்டாம் தரமும் தேவைப்படும். அப்பாவுக்கு வயது குறைவு, வருத்தமும் புதிது என்றால் கேட்டுப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் சுட்டபிறகு குளிசையை விட்டுவிடலாம் என்ற ஆசையில் போகாதீர்கள். புள்ளி இருந்தால் உறையாமல் காக்கும் மருந்து தொடரும்.

காரைநகர்: முழங்கால் நோவுக்கு என்ன போடலாம்?

உறையாமல் காக்கும் மருந்தோடு டிக்ளோபெனக் போடாதீர்கள், வயிற்றில் இரத்தம் கசியும். நானே போட்டேன், வெட்கக்கேடு. நல்லூர்த் திருவிழாவில் நடந்து களைத்து, பழைய பெட்டியில் கிடந்ததை எடுத்து மூன்று நாள் விழுங்கினேன். நாலாம் நாள் மலம் தார் மாதிரிக் கறுத்தது. இரண்டு பைந்த் இரத்தம் ஏற்றினார்கள். முப்பது வருடம் மற்றவர்களுக்குச் சொன்ன புத்தி! பரசிற்றமோல் எடுங்கள், அதையும் அளவோடு.

பெயரும் ஊரும் இல்லாத துண்டு: கள்ளு?

கள்ளென்றாலும் சாராயமென்றாலும் ஏ.எஃப்.ஐக் கிளப்பும். விட்டுவிடுவது நல்லது.

ஒரு விஷயம் கேட்காமலே சொன்னேன். முகம் கோணினால், ஒரு கை சோர்ந்தால், பேச்சுக் குழறினால் உடனே 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். வருகிறவர்களிடம் என்ன குளிசை, கடைசியாக எத்தனை மணிக்கு எடுத்தார் என்று சொல்லுங்கள்.

எல்லோரும் எழும்பிப் போன பிறகு கதிரை அடுக்கிக்கொண்டிருந்த ஐயா ஒருவர் கையை நீட்டினார். கேள்வி ஏதும் எழுதித் தரவில்லை. ஒரு நிமிடம் பிடித்துப் பார்த்தேன். இரண்டு கொத்து, ஒரு நிறுத்தம், மூன்று கொத்து. நாளைக் காலையில் ஈசிஜி எடுக்கச் சொன்னேன். நெல்லு வெட்டு முடியட்டும் என்றார். முடியாது, நாளைக்கே என்றேன்.