பி.ஓ.இ. சுவிட்சில் கம்ப்யூட்டரைச் செருகலாமா?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோடு பக்கம் சின்ன ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். கேமரா மாட்டியவர் 8 போர்ட் பி.ஓ.இ. சுவிட்ச் (நெட்வொர்க் ஒயரிலேயே மின்சாரமும் அனுப்புவது) வைத்துவிட்டுப் போனார். நாலு கேமரா போக மீதி போர்ட் சும்மா கிடக்கிறது. பில் போடும் கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் அதில் செருகலாம் என்றால், "48 வோல்ட் வருது மாமா, போர்டு கருகிடும்" என்று மருமகன் தடுக்கிறார். இன்னொரு சுவிட்ச் வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: முதலில் அட்டைப்பெட்டியையும் சுவிட்சின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். 802.3ஏஎஃப் (802.3af) அல்லது 802.3ஏடி (802.3at) என்று இருந்தால் தாராளமாகச் செருகலாம். இந்த வகை சுவிட்ச் எடுத்த எடுப்பில் 48 வோல்ட்டை அனுப்பாது. முதலில் 10 வோல்ட்டுக்குள் லேசாக விட்டுப் பார்க்கும். மறுமுனையில் சுமார் 25 கிலோ ஓம் மின்தடை தெரிந்தால்தான் 'இது மின்சாரம் கேட்கும் கருவி' என்று புரிந்துகொண்டு முழு மின்சாரம் தரும். கேமராவுக்குள் அந்த அடையாளம் உண்டு, கம்ப்யூட்டரில் கிடையாது. அதனால் அங்கே டேட்டா மட்டும்தான் போகும். கேமராக்களுக்கான வாட் கணக்கிலும் கம்ப்யூட்டர் கை வைக்காது.

மருமகன் சொல்வது 'பாசிவ்' வகைக்கு நூற்றுக்கு நூறு சரி. ரிச்சி தெருவில் விலை குறைவு என்று வாங்கி வருவதில் இதுவும் கலந்திருக்கும். யார் எவர் என்று கேட்காமல் எந்நேரமும் 24 அல்லது 48 வோல்ட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். பல சாதாரண கருவிகளில் போர்ட்டுக்குப் பின்னால் அரிசிமணியை விடச் சின்னதாக 75 ஓம் மின்தடைகள் இருக்கும். இரண்டின் வழியாக 48 வோல்ட் பாய்ந்தால் 15 வாட் சூடு; அவை தாங்குவதோ ஒரு வாட்டில் சிறு பங்கு. என் பழைய ரூட்டர் ஒன்று இப்படித்தான் போனது. மொட்டைமாடி ஆன்டெனாவின் 24 வோல்ட் பெட்டியில் ஒயரை மாற்றிச் செருகியது நானேதான், யாரைக் குறை சொல்ல?

எதுவும் எழுதவில்லையா? எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஒரு துண்டு கேபிளைக் காலி போர்ட்டில் செருகி, மறுமுனையில் நீல ஜோடிக்கும் பழுப்பு ஜோடிக்கும் நடுவே மல்டிமீட்டர் வைக்கட்டும். அப்புறம் ஆரஞ்சு, பச்சை ஜோடிகளுக்கும். முள்ளோ எண்ணோ 24, 48 என்று அசையாமல் நின்றால் அது பாசிவ். கம்ப்யூட்டரை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

8 போர்ட் மாடல்கள் பலவற்றில் 'அப்லிங்க்' என்று தனியாக இரண்டு போர்ட் இருக்கும். பொதுவாக அவற்றில் மின்சாரம் வராது. ரூட்டருக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு ஒன்று போதுமே. பிரிண்டரை யூ.எஸ்.பி.யில் கம்ப்யூட்டரோடு இணைத்துவிட்டால் வேலை முடிந்தது. இன்னொன்று, கேமராவிலிருந்து உருவிய ஒயரை அதே வேகத்தில் கம்ப்யூட்டரில் குத்தாதீர்கள். சுவிட்ச் மின்சாரத்தை நிறுத்த அரை நொடி வரை ஆகலாம். ரெண்டு மூணு நொடி விட்டுச் செருகுங்கள்.

பெட்டியில் 802.3ஏஎஃப் என்று போட்டுவிட்டு உள்ளே பாசிவ் இருந்தால் பில்லோடு போய் மாற்றித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். பில் இல்லாமல் வாங்கியிருந்தால் மட்டும் வழக்கு கொஞ்சம் இழுக்கும்.