அப்பாவின் எம்3, மகனின் எம்5: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: “பி.எம்.டபிள்யூவின் வேகக் கார்களான எம்3, எம்5 எல்லாம் அந்தக் காலத்தோடு சரி” என்று அப்பா தினமும் சண்டைக்கு வருகிறார். முதல் எம்3க்கு 200 குதிரைத்திறன்தான். இன்றைய எம்5க்கு 727. யார் சொல்வது சரி?

பதில்: பந்தயம் கட்டினால் நீங்கள்தான் ஜெயிப்பீர்கள். ஆனால் அப்பா பேசுவது வேறு விஷயம்.

1986-ல் வந்த எம்3 நம்மை நினைத்துச் செய்த காரே இல்லை. கடையில் விற்கும் கார்களை வைத்து ஓட்டும் குரூப் ஏ பந்தயத்தில் இறங்க, 12 மாதத்தில் அந்த மாடலில் 5,000 கார்கள் செய்திருக்க வேண்டும் என்பது விதி. அந்தக் கணக்குக்குப் பிறந்தது அது. இரண்டே கதவுள்ள செடான் உடம்பு. காற்று வழுக்கிப் போகட்டும் என்று பின் கண்ணாடியின் சாய்வை மாற்றி, டிக்கி மூடியையும் உயர்த்தினார்கள். ஐரோப்பிய எம்3-ல் முதல் கியர் இடது பக்கம் கீழே இருக்கும். பந்தயத்தில் அது கிளம்பும்போது மட்டும்தானே தேவை? அடிக்கடி மாற்றும் இரண்டும் மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரட்டும் என்று அப்படி வைத்தார்கள். நம் கை முதல் கியரைத் தேடும் இடத்தில் ரிவர்ஸ்! நண்பரின் வண்டியை ஒருமுறை ஓட்டினேன். பச்சை விழுந்ததும் பழக்கதோஷத்தில் மேலே தள்ள, வண்டி பின்னால் நகர்ந்தது. பின்னால் நின்றவர் ஹாரனை விடவே இல்லை. நண்பர் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் பெரிய தண்டனை.

1985-ன் முதல் எம்5 வேறு ரகம். எம்1 ஸ்போர்ட்ஸ் காரின் இன்ஜின் வழி வந்த ஆறு சிலிண்டரை, ஆபீஸ் போகிற காருக்குள் வைத்தார்கள். 286 குதிரைத்திறன், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. நெடுந்தூரத்தை அலுங்காமல் கடப்பதுதான் அதன் வேலை. 1992-ல் எம்3யும் அந்த வழிக்கே வந்துவிட்டது.

அப்புறம் எண் விளையாட்டு. 1998 எம்5-ல் வி8, அதாவது எட்டு சிலிண்டர் இன்ஜின், 400 குதிரைத்திறன். 2005-ல் பத்து சிலிண்டர் வி10, 507. புகை விதிகள் இறுக, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ வந்தது, சத்தம் அடங்கியது. 2011 எம்5-ல் இன்ஜின் சத்தத்தை ஸ்பீக்கர் வழியாக ஊட்டினார்கள். இதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. 2024 எம்5 பிளக்-இன் ஹைபிரிட்: பெட்ரோல் இன்ஜினோடு, சார்ஜ் போடும் பேட்டரியும் உண்டு. முதல் எம்5ஐவிட ஏறக்குறைய ஒரு டன் கூடுதல் எடை. நான்கு சக்கரத்துக்கும் இழுவை, பின் சக்கரமும் திரும்பும். மழையிலும் தைரியமாக மிதிக்கலாம், ஊருக்குள் பேட்டரியில் சத்தமில்லாமல் போகலாம். வேலைக்கும் வீட்டுக்கும் அதுவே நல்ல கார். ஆனாலும் சாவி இரண்டையும் நீட்டினால் நான் எடுப்பது அப்பாவுடையதைத்தான். ரிவர்ஸ் எங்கே என்று இப்போது தெரியுமே!

கேள்வி: வேகம் வேண்டுமென்றால் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாமே, நாலு கதவு எதற்கு?

பதில்: மாமியாரை டிக்கியிலா உட்கார வைப்பீர்கள்? 1968-லேயே மெர்சிடிஸ் தன் 600 லிமோசினின் 6.3 லிட்டர் வி8-ஐ 300 எஸ்.இ.எல். செடானில் வைத்தது. அதையே 6.8 லிட்டராக்கி, 1971-ல் பெல்ஜியத்தின் ஸ்பா 24 மணி நேரப் பந்தயத்தில் ஓட்டி, மெர்சிடிஸ் கார்களுக்கு வேகம் ஏற்றித் தரும் ஏ.எம்.ஜி. நிறுவனம் இரண்டாம் இடம் பிடித்தது. அதற்கும் நாலு கதவுதான்.