மேகம் பந்து வீசுவதில்லை

கேள்வி: இங்கிலாந்து வேகப்பந்து வீச்சாளர் ஜேம்ஸ் ஆண்டர்சன் 704 டெஸ்ட் விக்கெட் எடுத்தார் என்று தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்களே! இங்கிலாந்தின் மேகமூட்டமும் அங்கே போடும் டியூக்ஸ் பந்தும் கொடுத்த விக்கெட்டுகள்தானே அவை? மேகத்தையும் (கிளவுட்) அவர் பெயரையும் சேர்த்து ‘கிளவுடர்சன்’ என்று சும்மாவா சொல்கிறார்கள்? நம் ஊர் வெயிலில் போடச் சொல்லியிருந்தால் சாயம் வெளுத்திருக்கும்.
ஒரு வாசகர், திருச்சி

பதில்: நம் ஊர் வெயிலிலும் போட்டார். சேப்பாக்கத்தில், 2021 பிப்ரவரி 9 அன்று, டெஸ்ட்டின் ஐந்தாம் நாள் காலையில். இந்தியாவுக்கு இலக்கு 420. கையில் இருந்தது இருபத்தைந்து ஓவருக்கு மேல் அடிபட்ட, இந்தியாவில் பயன்படும் எஸ்.ஜி. பந்து. கொரோனா விதியால் எச்சில் தொட்டுத் தேய்க்கத் தடை, வியர்வை மட்டும்தான். அன்றைய தன் முதல் ஓவரிலேயே, அரைசதம் அடித்து நிதானமாக நின்ற ஷுப்மன் கில்லின் பேட்டுக்கும் காலுக்கும் நடுவே பந்தை நுழைத்து ஆஃப் ஸ்டம்ப்பைப் பிடுங்கினார். அடுத்து வந்த ரஹானே எல்.பி.டபிள்யூ. முறையீட்டில் தப்பினார், ஆனால் அதே ஓவரில் போல்டு. பிறகு ரிஷப் பந்த்தும் அவரிடமே விழுந்தார். 11 ஓவர், 4 மெய்டன், 17 ரன், 3 விக்கெட். இங்கிலாந்து 227 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது. அப்போது ஆண்டர்சனுக்கு வயது 38. அதற்கு முந்தைய மாதம்தான் இலங்கையின் காலி (Galle) நகர மைதானத்தில், வெயிலில், 29 ஓவர் போட்டு 40 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்திருந்தார். இந்த இரண்டு இடத்திலும் எந்த மேகம் வந்து கை கொடுத்தது?

சேப்பாக்கத்தில் நடந்தது ரிவர்ஸ் ஸ்விங், அதாவது பழைய பந்து காற்றில் வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் வளைவது. புதுப் பந்தில் தையலை ஸ்லிப் பக்கம் லேசாகத் திருப்பி, பளபளப்பான பக்கம் லெக் திசையில் இருக்கும்படி பிடித்துப் போட்டால், வலக்கை ஆட்டக்காரரை விட்டு வெளியே போகும். ஒரு பக்கம் நன்றாகத் தேய்ந்து சொரசொரப்பான பிறகு, கிட்டத்தட்ட அதே பிடியில் போட்ட பந்து உள்ளே வரும். அதனால் பழைய பந்துக்கு ஆடுகிறவர், பௌலர் ஓடி வரும்போதே பளபளப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்கிறார். ஆண்டர்சன் அதைக் காட்ட மாட்டார். ஓடி வரும்போது இடது கையால் பந்தை மூடிக்கொள்வார். இதை ஜாகீர் கானைப் பார்த்துக் கற்றுக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். நம்மவரிடம் கற்றதை வைத்துத்தான் நம்மவர்களைச் சாய்த்தார்.

ரிவர்ஸுக்குப் பந்தைத் தயார் செய்வது பதினொரு பேரின் வேலை. சொரசொரப்பான பக்கத்தில் ஒரு சொட்டு ஈரம் படக் கூடாது. ஈரக்கையோடு யாராவது அந்தப் பக்கத்தை அமுக்கிப் பிடித்தால், அதுவரை பட்ட பாடெல்லாம் வீண். இங்கிலாந்து அணியில் அலெஸ்டர் குக் ஆடிய காலத்தில் பந்தைத் தேய்க்கும் பொறுப்பு அவரிடம் இருந்ததற்குக் காரணம், அவருக்கு அவ்வளவாக வியர்க்காது என்பதுதான்.

இனி மேகத்துக்கு வருவோம். மேகமூட்டத்தால் பந்து கூடுதலாக ஸ்விங் ஆகிறதா என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே இன்னும் ஒத்த கருத்து இல்லை. ஆகிறது என்றே வைத்துக்கொள்வோம். அந்த மேகம் இங்கிலாந்தில் பந்து வீசிய எல்லோருக்கும் பொதுவானதுதானே? டியூக்ஸ் பந்தும் பொதுதான். ஆறு வரிசைத் தையலும் கையால் போட்டது, உயர்ந்து நிற்கும், நீண்ட நேரம் தாங்கும். இவ்வளவு வசதியும் எத்தனையோ இங்கிலாந்து வேகப்பந்து வீச்சாளர்களுக்கு வாய்த்தது. அவர்களில் சொந்த மண்ணில் 400 டெஸ்ட் விக்கெட்டைத் தாண்டியவர் ஆண்டர்சன் ஒருவர்தான். வித்தியாசம் மணிக்கட்டில் இருக்கிறது. பந்தை விடும்போது மணிக்கட்டு நேராகப் பந்துக்குப் பின்னால் நின்று, விரல்கள் கடைசிவரை தையலை விடாமல் பின்னோக்கிச் சுழற்றினால்தான் தையல் ஆடாமல் போகும். மணிக்கட்டு கொஞ்சம் சாய்ந்தாலும் தையல் தள்ளாடும், ஸ்விங் செத்துவிடும். இதை 188 டெஸ்ட்டில், 40,000-க்கும் மேற்பட்ட பந்துகளில் செய்தார்.

எடுத்த எடுப்பிலேயே இது கைகூடிவிடவில்லை. 1982-ல் பர்ன்லியில் பிறந்து, லங்காஷயரிலிருந்து வந்த பையன், 2003 மே மாதம் லார்ட்ஸில் ஜிம்பாப்வேக்கு எதிரான முதல் டெஸ்ட்டிலேயே 73 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தார். அதன்பின் வந்தது சோதனை. பந்தை விடும் கணத்தில் அவர் தலை குனிந்து கண் தரையைப் பார்க்கும். இப்படிப் போட்டால் முதுகு போய்விடும் என்று பயிற்சியாளர்கள் பயந்து ஆக்‌ஷனை மாற்றினார்கள். வேகம் குறைந்தது, ஸ்விங் போனது. எதற்குப் பயந்தார்களோ அதுவும் வந்தது: 2006-ல் கீழ்முதுகில் எலும்பு விரிசல். குணமாகி வந்து பழைய ஆக்‌ஷனுக்கே திரும்பினார். நல்ல நோக்கத்தோடு ஓர் இளம் பௌலரின் இயல்பைக் குலைத்த இந்தக் கதையை, நம் ஊர் அகாடமிக்காரர்கள் அவசியம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 2008-ல் வெலிங்டன் டெஸ்ட்டில் வேகப்பந்து வீச்சாளர்கள் ஹோகார்டையும் ஹார்மிசனையும் நீக்கிவிட்டு அவரையும் ஸ்டூவர்ட் பிராடையும் இறக்கினார்கள். அங்கிருந்துதான் இங்கிலாந்து அணியில் நிலைத்தார்.

2010-ல் இங்கிலாந்துக்கு வந்த பாகிஸ்தானின் முகமது ஆசிஃபிடம் இன்னொன்றைக் கவனித்தார். தையலை நிமிர்த்திப் பிடிக்காமல், விரல்களைச் சற்று அகட்டி, தையல் இருபுறமும் ஆடியபடி போகும்படி விடுவது. ‘வாபிள் ஸீம்’ என்பார்கள். அது தரையில் தையல்பட விழுந்தால் உள்ளேயும் வரலாம், வெளியேயும் போகலாம். போட்டவருக்கே தெரியாது என்றால் ஆடுகிறவர் எதைக் கணிப்பார்? காற்றில் பந்து அசையாத நாளுக்கான ஆயுதம் இது. வலையில் பழகி, அந்த வருடக் கடைசியில் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோனார். தொடரில் 24 விக்கெட், இரு அணியிலும் அவர்தான் முதலிடம். மேகத்தை நம்பியவர் 28 வயதில் இப்படிப் புதுப்பாடம் படிக்க மாட்டார்.

2012-ல் இங்கிலாந்து இந்தியாவில் 2-1 என்று தொடரை வென்றபோது அவர்களின் சுழற்பந்து வீச்சாளர்கள் ஸ்வானையும் பனேசரையும்தான் நாம் பேசினோம். இரு அணிக்கும் இடையே இருந்த பெரிய வித்தியாசம் ஆண்டர்சன் என்று சொன்னவர் தோனி. டெஸ்ட்டில் சச்சினை அதிக முறை வீழ்த்தியவரும் ஆண்டர்சன்தான், ஒன்பது முறை. நாக்பூரில் போல்டு ஆக்கியதும் அதில் ஒன்று. ராவல்பிண்டி ஆடுகளம் 2022-ல் எவ்வளவு செத்துக் கிடந்தது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்கே கடைசி இன்னிங்ஸில் 36 ரன்னுக்கு 4 விக்கெட் எடுத்தபோது அவர் நாற்பதைக் கடந்திருந்தார்.

ஆண்டர்சனிடம் குறையே இல்லையா? உண்டு. நீங்கள் தேடிய இடத்தில் இல்லை, அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவின் கூக்கபுரா பந்தில் வெளித்தையல் இயந்திரத்தில் போட்டது. முதல் பதினைந்து, இருபது ஓவருக்குள் படிந்துவிடும். அதன்பிறகு அங்கே விக்கெட் எடுக்க வேகமும் எகிறும் பந்தும் வேண்டும். ஆண்டர்சனிடம் இருந்தது திறமை, உயரத்திலிருந்து குத்தி எழுப்பும் பந்து அல்ல. ஆஸ்திரேலியாவில் நடந்த ஆஷஸ் தொடர்களைப் பாருங்கள்: 2006-07-ல் 5 விக்கெட், சராசரி (ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன்) 82.60. 2013-14-ல் 14 விக்கெட், சராசரி 43.92. நடுவில் 2010-11, பின்னால் 27.82 சராசரியில் 17 விக்கெட் எடுத்த 2017-18 ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தாலும், அங்கே ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் மெக்ராத் அளவுக்கு அவர் அச்சுறுத்தவில்லை. அவரோடு சண்டை போட வேண்டுமென்றால் இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு போடுங்கள். நானும் உங்கள் பக்கம் நின்று பேசுவேன்.