அரசு உதவி வந்தால் விமானப் பங்கு ஏறுமா?

கேள்வி: ஒரு விமான நிறுவனத்தின் 2,000 பங்குகளைச் சராசரியாக 48 ரூபாய்க்கு வாங்கினேன். இப்போது விலை பாதிதான். அரசு கைகொடுக்கும் என்று பேச்சு அடிபடுகிறது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு எடுத்துவைத்த 50,000 ரூபாயையும் போட்டுச் சராசரியைக் குறைக்கலாமா? – சேலம் வாசகர்

பதில்: வேண்டாம் சார். அந்தப் பணத்தைத் தொடாதீர்கள்.

அரசு உதவி என்பது பெரும்பாலும் இன்னொரு கடன்தான். கொரோனா காலத்து அவசரக் கடன் உத்தரவாதத் திட்டத்தில், ஒரு விமான நிறுவனத்துக்கான உச்சவரம்பை 2022 அக்டோபரில் 400 கோடியிலிருந்து 1,500 கோடி ரூபாயாக உயர்த்தினார்கள். அதை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். அரசின் உத்தரவாதமும் கடன் கொடுத்த வங்கிக்குத்தான், பங்கு வைத்திருக்கும் உங்களுக்கு இல்லை. அந்தத் திட்டத்தில் கடன் வாங்கிய கோ ஃபர்ஸ்ட், 2023 மே மாதம் திவால் மனு கொடுத்தது.

சரி, அரசே முதலீடு போட்டால்? 2020-ல் ஜெர்மனி தன் நாட்டு விமான நிறுவனமான லுஃப்தான்சாவுக்கு 900 கோடி யூரோ உதவி அறிவித்தது. அதில் ஒரு பகுதியாக 20 சதவீதப் பங்கை, பங்கு ஒன்று 2.56 யூரோ விலையில் எடுத்துக்கொண்டது. சந்தையில் அப்போது விலை அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல்! புதிதாக அச்சான பங்குகள் அவை. 100 பங்கு இருந்த இடத்தில் 125 ஆனது. பழைய பங்குதாரரின் பிடி அந்த அளவுக்குச் சுருங்கியது. பங்குதாரருக்கு லாபத்திலிருந்து தரும் டிவிடெண்டும் நின்றது. 2022 செப்டம்பரில் மிச்சப் பங்கையும் விற்று, மொத்தம் 76 கோடி யூரோ லாபத்தோடு அரசு வெளியேறியது. மக்கள் வரிப்பணத்தைப் போடுகிற அரசு அப்படிக் கறாராகத்தான் பேரம் பேச வேண்டும். ஆனால் பேரத்தில் விட்டுக்கொடுப்பது உங்களைப் போன்றவர்கள்.

உதவி வராமலே போவதும் உண்டு. வங்கிகளிடம் கேட்ட அவசரக் கடன் கிடைக்காமல் ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ல் பறப்பதை நிறுத்தியது. 2024 நவம்பரில் அதைக் கலைக்க, அதாவது சொத்தை விற்றுக் கடனை அடைத்து மூட, உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கலைப்பில் பணம் பிரிக்கும்போது சாதாரணப் பங்குதாரர் வரிசையில் கடைசி ஆள்.

கையிலுள்ள பங்கை என்ன செய்வது? கடைசிக் காலாண்டு முடிவை எடுத்துப் பாருங்கள். நிகர மதிப்பு (சொத்தில் கடனைக் கழித்தால் மிஞ்சுவது) மைனஸில் இருந்து, நிறுவனம் தொடர்ந்து இயங்குமா என்று தணிக்கையாளரும் சந்தேகம் எழுப்பியிருந்தால், விற்றுவிடுங்கள். வருமான வரிக் கணக்கைக் கெடுவுக்குள் தாக்கல் செய்தால், அந்த நட்டத்தை 8 ஆண்டுகள் வரை முன்னெடுத்துச் சென்று மூலதன ஆதாயத்தில் (பங்கு போன்ற சொத்தை விற்றுக் கிடைக்கும் லாபத்தில்) கழிக்கலாம். கட்டணப் பணத்தை, கட்டவேண்டிய தேதிக்கு முன்பே முதிர்வதுபோல் வங்கி வைப்பில் போட்டுவையுங்கள்.